அத்தியாயத்தை எங்கே வெட்டுவது?

கேள்வி இதுதான்: நாவலின் முதல் வரைவு முடிந்துவிட்டது, 30 அத்தியாயங்கள். படித்தவர்கள் "ஒவ்வொரு அத்தியாயமும் சப்பென்று முடிகிறது" என்றார்கள். அதனால் கடைசி வரிகளில் அதிர்ச்சிகளைச் சேர்த்தாயிற்று. இப்போது "செயற்கையாக இருக்கிறது" என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டு புகாருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடைசி வரி சரியில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றுகிறீர்கள். கோளாறு, அத்தியாயத்தை வெட்டிய இடத்தில் இருக்கிறது. தவறான இடத்தில் வெட்டிய அத்தியாயத்துக்கு எவ்வளவு நல்ல கடைசி வரி போட்டாலும் ஒட்டாது. சரியான இடத்தில் வெட்டியிருந்தால் மிகச் சாதாரண வாக்கியமே போதும்.

முதலில் அத்தியாய முடிவு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். வாசகர் ஒரு கேள்வியோடு அத்தியாயத்துக்குள் வருகிறார்: வேலை கிடைக்குமா, அவள் உண்மையைச் சொல்வாளா, பணத்தை எடுத்தது யார். வெளியே போகும்போது அவர் கையில் வேறு கேள்வி இருக்க வேண்டும். பழைய கேள்விக்கு முழுப் பதிலோ பாதிப் பதிலோ கிடைத்து, அந்தப் பதிலிலிருந்தே புதியது முளைத்திருக்க வேண்டும். ஒரு தாளில் 30 அத்தியாயங்களுக்கும் இரண்டு நெடுவரிசை போட்டு, உள்ளே வரும் கேள்வி, வெளியே போகும் கேள்வி என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்த அத்தியாயத்தில் கதை நகரவில்லை. அங்கே கடைசி வரியைத் திருத்திப் பயனில்லை. வெளியே போகும் கேள்வியின் வரிசை காலியாக இருந்தால் எல்லாவற்றையும் தீர்த்துவைத்து விட்டீர்கள், வாசகர் புத்தகத்தை மூடிவைக்க நீங்களே இடம் கொடுத்துவிட்டீர்கள்.

இப்போது ஒரு முடிவை அருகில் வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு எழுதிய வரைவு இது:

"தாமரை இழுப்பறையை வெளியே இழுத்தாள். அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி, ரசீதுகள், அடியில் நூலால் கட்டிய ஒரு கட்டு உறைகள். எல்லாவற்றிலும் அண்ணனின் கையெழுத்து. எல்லாமே கத்தியால் நேர்த்தியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த உறையில் போன மாதத்து முத்திரை. தாமரை அதிர்ந்துபோனாள். ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சே இல்லை என்று சொன்ன அப்பாவா இப்படி? அம்மாவுக்கு இது தெரியுமா? ஏன் மறைத்தார்? கட்டைத் திரும்ப வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இந்த வீட்டில் இனி எதுவும் பழையபடி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது."

காட்சி திரும்புகிற வாக்கியம் எது? ஐந்தாவது, முத்திரை வரி. அதற்குப் பிறகு ஏழு வாக்கியங்கள் இருக்கின்றன. அந்த ஏழும் செய்வது ஒன்றே ஒன்று: வாசகருக்கு ஏற்பட்ட உணர்ச்சியை அவருக்கே விளக்கிச் சொல்வது. அதிர்ந்துபோனாள் என்று நீங்கள் எழுதும் நேரத்தில் அவர் அதிர்ந்து முடித்திருப்பார். மூன்று கேள்விகளையும் அவரே கேட்டிருப்பார். அவர் கேட்டதை நீங்கள் திரும்பக் கேட்கும்போது கேள்வியின் உரிமை அவரிடமிருந்து போய்விடுகிறது, கூடவே ஆர்வமும்.

இதில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது. "ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சே இல்லை" என்ற தகவல் திருப்பத்துக்குப் பின்னால் வருகிறது. வெடி வெடித்த பிறகு திரியைக் காட்டுகிற மாதிரி. முத்திரை வரி தாக்க வேண்டுமென்றால் வாசகருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதே அத்தியாயத்தில் இரண்டு மூன்று பக்கம் முன்னால், சாப்பாட்டு நேரத்தில் அப்பா "அவன் பேரை இந்த வீட்டில் எடுக்காதே" என்று தட்டை நகர்த்தியிருந்தால் போதும். பொதுவாகவே, திருப்பத்துக்குப் பிறகு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்றால் முன்னால் ஏதோ விதைக்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்த விளக்க வாக்கியத்தை அழிக்காதீர்கள். வெட்டி எடுத்து முன்னால் கொண்டுபோய் நடுங்கள்.

இனி வெட்டும் இடம். முத்திரை வரியிலேயே நிறுத்தலாம். நல்ல, திடமான முடிவு. வாசகர் எடுத்துப்போகும் கேள்வி: அப்பா ஏன் மறைத்தார்? இது கடந்த காலத்தைப் பற்றிய கேள்வி என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் கொஞ்சம் முன்னே, "ஒரு கட்டு உறைகள்" என்பதோடு நிறுத்தலாமா? கூடாது. உறைக்குள் என்ன என்ற வெறும் ஆவல்தான் மிஞ்சும். அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆவல் அரைப் பக்கம் தாங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, திருப்பத்தைத் தாண்டி ஒரே ஒரு செயல்வரை போவது. முத்திரை வரிக்குப் பிறகு இப்படி:

"கூடத்தில் அப்பா இருமும் சத்தம் கேட்டது. அவசரமாக நூலைச் சுற்றினாள். அப்பா போட்டிருந்த முடிச்சு அவளுக்குப் போட வரவில்லை."

இப்போது கேள்வி முன்னோக்கித் திரும்பிவிட்டது. கட்டைப் பிரித்தது அப்பாவுக்குத் தெரியப்போகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவர் எதுவும் பேசாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காட்சியில் ஒரு இழுவிசை இருக்கும். தாமரையின் அதிர்ச்சியைச் சொல்லவே இல்லை, முடிச்சு சொல்லிவிட்டது. மூன்றில் இதுவே சிறந்தது. ஆனால் எல்லா அத்தியாயங்களையும் இப்படி முடித்தால் இதுவும் ஒரு வித்தையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இதை ஒவ்வொரு அத்தியாயத்திலும் செய்யும் முறை எளிது. கடைசி இரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாக்கியத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். அதன் பிறகு எத்தனை வாக்கியம் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் ஒன்றோ இரண்டோ மட்டும் விட்டுவிட்டு மீதியை அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அங்கே தேவைப்படுகிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் தேவைப்படாது. அடிக்கோடிட எந்த வாக்கியமும் கிடைக்கவில்லையா? அப்படியானால் அந்த அத்தியாயத்தைப் பக்கத்து அத்தியாயத்தோடு சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சப்பென்ற முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரம் படுத்துக்கொள்கிறது, விளக்கை அணைக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறது, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறது. இதெல்லாம் எழுதுகிறவர் அன்றைக்குக் களைத்துப்போன இடம். மேஜையை விட்டு எழுந்திருக்க வேண்டும், பாத்திரத்தையும் எழுப்பிவிடுகிறார். அன்றைய எழுத்து நிற்கும் இடமும் அத்தியாயம் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வரைவு எழுதும்போது அத்தியாயப் பிரிவே போடாமல் காட்சிகளாக எழுதிக்கொண்டு போய், எல்லாம் முடிந்த பிறகு கோடு கிழிப்பவர்கள் உண்டு. முடிவுகளில் தடுமாறுகிறவர்களுக்கு அது நல்ல வழி.

செயற்கை என்ற புகார் வேறு வகை. அங்கே முடிவு கடன் வாங்குகிறது, அடுத்த அத்தியாயம் அதைத் திருப்பித் தருவதில்லை. இருட்டில் காலடிச் சத்தம் கேட்டு அத்தியாயம் முடிகிறது, பக்கத்தைப் புரட்டினால் பூனை. இதை ஒரு நாவலில் ஒருமுறை செய்யலாம், அதுவும் பின்னால் உண்மையான காலடி வரப்போகிறது என்றால். இரண்டாம் முறை செய்தால் வாசகர் உங்கள் எந்த முடிவையும் நம்பமாட்டார்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு: "கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். உறைந்துபோனாள்." முற்றும். அத்தியாயம் முழுக்க அவள் மனத்துக்குள் இருந்துகொண்டு, அவள் நினைப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த கதைசொல்லி, அவள் படித்ததை மட்டும் நமக்குச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொள்கிறார். யார் மனத்துக்குள் இருந்து கதை சொல்லப்படுகிறது என்பதுதான் கோணம். அதன் விதியைக் கதைசொல்லியே மீறுகிறார். இதற்குப் பெயர் சஸ்பென்ஸ் இல்லை, பதுக்கல். சரிசெய்ய இரண்டு வழி: அவள் படிப்பதற்கு முன்பே வெட்டுங்கள், இல்லையென்றால் கடிதத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு வெட்டுங்கள். பெரும்பாலும் சொல்லிவிட்டு வெட்டுவதே அதிக இழுவிசை தரும். என்ன என்ற கேள்வியைவிட, இனி என்ன செய்வாள் என்ற கேள்விக்கு ஆயுள் அதிகம். பாத்திரங்களை எப்போதும் வெளியே நின்று மட்டும் பார்க்கும் கதைசொல்லிக்கு இந்த விதி பொருந்தாது. அவர் மனத்துக்குள் இருப்பதைச் சொன்னவரே இல்லையே.

"அந்தச் சிரிப்பை இனி பார்க்கப்போவதில்லை என்று அப்போது அவளுக்குத் தெரியாது" என்ற வகை முன்னறிவிப்பும் அடிக்கடி வருகிறது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் குரல் முதல் அத்தியாயத்திலிருந்தே இருந்தால் இது இயல்பாக ஒட்டும். இல்லாவிட்டால் எழுத்தாளர் திடீரென்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவது போலிருக்கும். பொன்மொழியில் முடிப்பதையும் மூன்று புள்ளி வைப்பதையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், நல்லதுக்குத்தான் அழித்தோம் என்று தெரியும்.

இந்த அதிர்ச்சி முடிவுப் பழக்கம் வந்த வழியைப் பார்த்தால், எங்கே அது பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதும் விளங்கும். அது தொடர்கதையின் பிள்ளை. தாமஸ் ஹார்டியின் "எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்" 1872–73இல் மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதில் ஒருவர் கடலோரச் செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டிருக்கும் காட்சி வரும். இந்த மாதிரி முடிவுக்கு ஆங்கிலத்தில் க்ளிஃப்ஹேங்கர் என்று பேர் வந்ததற்குப் பலரும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். ஆனால் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது அவர் தொங்கியதை அல்ல, காப்பாற்றப்பட்ட விதத்தை. வெளியிலிருந்து யாரும் கயிற்றோடு ஓடி வருவதில்லை. மேலே தனியாக நிற்கும் நாயகி தன் உள்ளாடைகளைக் கிழித்து முறுக்கிக் கயிறாக்குகிறாள். காட்சிக்குள் ஏற்கெனவே இருந்த பொருளாலேயே விடை வருகிறது. கடன் வட்டியோடு திரும்பிவிடுகிறது.

தமிழில் வாரப் பத்திரிகைகள் இதே வேலையை "தொடரும்" என்ற ஒரு சொல்லால் செய்தன. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன் போன்ற தொடர்களுக்கு வாசகர் ஏழு நாள் காத்திருந்தார். ஏழு நாள் நினைவில் நிற்க வேண்டுமென்றால் கொக்கி பலமாக இருந்தாக வேண்டும். புத்தகமாகப் படிப்பவருக்கு அடுத்த அத்தியாயம் ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது. அதே கொக்கிகள் ஒரே ராத்திரியில் 15 தடவை வந்தால் அலுத்துவிடும். அதனால் தொடராக எழுதியதைப் புத்தகமாக்கும்போது மூன்று வேலை இருக்கிறது: அத்தியாயத் தொடக்கத்தில் வரும் முன்கதை நினைவூட்டல்களை நீக்குவது, அந்த வாரத்தைத் தாண்டுவதற்காக மட்டும் வைத்த பொய் அதிர்ச்சிகளை எடுப்பது, இடம் போதாமல் உடைத்த காட்சிகளைத் திரும்ப ஒட்டுவது. இணையத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டுவிட்டு அப்படியே தொகுத்துவிடுகிறவர்கள் இதைத்தான் செய்ய மறக்கிறார்கள்.

முடிவு அடுத்த தொடக்கத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய பாடம் ஒன்று இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லோ சீரோ அசையோ அடுத்த பாட்டின் முதலாக வரும். உரைநடையில் சொல்லையே திரும்பச் சொல்ல வேண்டாம். ஒரு பொருள், ஒரு சத்தம், ஒரு செயல் போதும். தாமரை போட வராத முடிச்சோடு ஒரு அத்தியாயம் முடிந்தால், அடுத்தது அப்பா செருப்பு வாரை இழுத்துக் கட்டுவதில் தொடங்கலாம். விளக்கமே தேவைப்படாது.

இரண்டு மூன்று கதையிழைகளை மாற்றி மாற்றிச் சொல்லும் நாவலில் இது இன்னும் அவசியம். ஒரு இழையைத் தொங்கலில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒன்று அல்லது இரண்டு அத்தியாயத்துக்குள் திரும்பி வந்துவிடுங்கள். நாலைந்து தாண்டினால் வாசகர் ஒன்று மறந்துவிடுவார், அல்லது நடுவிலுள்ளதைத் தாவிவிடுவார். தாவினார் என்றால் பழி முடிவின் மேல் இல்லை, நடு இழைக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இல்லை என்று பொருள். திரும்பி வரும்போது முதல் இரண்டு வாக்கியத்துக்குள் யார், எங்கே, எவ்வளவு நேரம் கழித்து என்பது தெரிந்துவிட வேண்டும்.

வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு, தனி வசதியும் உண்டு. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. கவனிக்காமல் விட்டால் 30 அத்தியாயங்களும் -ஆன், -ஆள், -அது என்றே ஓயும். வாசகர் காதில் கடைசியாக நிற்பது வினை. ஆனால் நீங்கள் நிறுத்த நினைப்பது பெரும்பாலும் ஒரு பெயரை.

"அப்பா கதவைத் திறந்தார்" என்பதில் அழுத்தம் திறந்ததில் இருக்கிறது. "கதவைத் திறந்தது அப்பா" என்றால் அப்பாவில். வினையை அது-ஈற்றுப் பெயராக்கி ஆளைக் கடைசியில் வைப்பது நம் மொழிக்கு இயல்பான அமைப்பு. "திறந்தார் அப்பா" என்று வெறுமனே புரட்டிப்போடுவது மேடைப் பேச்சு வாடை அடிக்கும். வினையே இல்லாமலும் முடிக்கலாம்: "மேலே இருந்த உறையில் போன மாதத்து முத்திரை." இது முழு வாக்கியம்தான், ஒரு குறையும் இல்லை.

உரையாடலில் முடிப்பவர்கள் "என்றாள்" என்ற சொல்லைக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள், என்று முடிந்தால் அடி "போடமாட்டேன்" என்பதில் விழுந்து "என்றாள்" என்பதில் மழுங்கிப்போகிறது. பேசுகிறவரை முன்னால் அடையாளம் காட்டுங்கள்: அவள் பேனாவை மூடினாள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அவ்வளவுதான்.

துணைவினைகளும் வேலை செய்கின்றன. "கிளம்பிவிட்டான்" என்றால் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்கிறது. "கிளம்பிக்கொண்டிருந்தான்" என்றால் இன்னும் நிறுத்த முடியும் என்று ஒரு இடம் மிச்சமிருக்கிறது. திறந்து விட வேண்டிய அத்தியாயத்தை "விட்டது" போட்டு மூடுவதும், மூட வேண்டியதைக் "கொண்டிருந்தது" போட்டு இழுப்பதும் வரைவுகளில் சாதாரணமாகக் காணும் பிழை. கடைசி வினையை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லா முடிவும் இழுக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு சாவு, பெரிய சண்டை, நெடுநாள் மறைத்த உண்மை வெளிப்படுவது இவற்றுக்கு அடுத்த அத்தியாயம் அமைதியாக அடங்கலாம், வாசகர் மூச்சு விட வேண்டும். அமைதி என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பதல்ல, பாத்திரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது. விதவை கணவரின் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைக்கிறாள் என்பதும் நகர்வுதான். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது முடியும்போது, இந்தக் கதையில் யாருக்கு எது போய்விடலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குறுகிய அத்தியாயங்கள் எழுதுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 90,000 சொல் நாவலை 3,000 சொல் அத்தியாயங்களாக வெட்டினால் 30 முடிவு. 1,500 ஆக வெட்டினால் 60. அறுபது முறை அதிரவைக்க யாராலும் முடியாது. அத்தியாயம் சிறுத்தால் முடிவுகளின் குரலும் தாழ வேண்டும்.

முழு வரைவும் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று, அதுவே மிகவும் பயன்படும். எல்லா அத்தியாயங்களின் கடைசிப் பத்தியை மட்டும் வெட்டி ஒரே கோப்பில் வரிசையாக ஒட்டுங்கள். 30 பத்தி, படிக்கக் கால் மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாதது பளிச்சென்று தெரியும்: ஏழு அத்தியாயத்தில் யாரோ வானத்தைப் பார்க்கிறார்கள், ஐந்தில் தொலைபேசி அடிக்கிறது, நாலு தொடர்ந்து கேள்விக்குறியில் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு குறிச்சொல் போடுங்கள்: கேள்வி, தீர்மானம், கெட்ட செய்தி, வருகை, ஓய்வு. ஒரே குறி மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் நடுவிலுள்ளதன் எல்லையை 200, 300 சொல் முன்னோ பின்னோ தள்ளிப் பாருங்கள். பல நேரம் புதிதாக ஒரு வரிகூட எழுதாமலே அது வேறு வகை முடிவாக மாறிவிடும்.

பிறகு, திருத்திய அத்தியாயங்களில் இரண்டு மூன்றை, கதை தெரியாத மூன்று பேரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொல்லி அது சரியாகவும் இருந்தால் கொஞ்சம் தாமதமாக வெட்டியிருக்கிறீர்கள். மூவருக்கும் சொல்ல எதுவும் தோன்றாவிட்டால் திருப்பத்துக்கு முன்பே வெட்டிவிட்டீர்கள், அல்லது விதைக்க வேண்டியதை விதைக்கவில்லை. ஆளுக்கொரு பதில் சொல்லி, அது தவறாக இருந்தும் கதைக்குப் பொருத்தமாக இருந்தால் அந்த முடிவைத் தொடாதீர்கள்.